பதினோரு நொடிக்கு மேல் கேட்காத மகளுக்கு

குத்துக்கல்வலசை
ஆனி 22

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அம்மா தங்கத்தாய் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தம்பி பாண்டியும் இருக்கிறோம், நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். உன் சுகத்தை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பாம்பேயில் நீ காலையில் என்ன தின்றாய் என்பது வரைக்கும் போனில் படம் பார்த்துவிட்டு எதிர்வீட்டு உமா மகேஸ்வரி வந்து சொல்லிவிடுகிறாள். பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேசப் பயமாக இருக்கிறது. நான் பேசுவதை அடுத்து எந்தப் பாட்டில் போடுவாயோ. தாளுக்குக் குரல் கிடையாது, அதனால் தாளில் எழுதுகிறேன்.

உன் கம்பெனி அனுப்பிய கவர் செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லாம் இங்கிலீஷ், பாண்டிதான் வாசித்துச் சொன்னான். உன் "ஒருக்கா வந்துட்டுப் போ" பாட்டு ஏதோ சினிமாவுக்குப் போகிறதாம், அதன் ஆரம்பத்தில் வருகிற என் குரலை உலகம் முழுவதும் எக்காலத்துக்கும் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். பாட்டு வந்து எட்டு மாதம் ஆகிறதே, இத்தனை நாளும் யார் சம்மதத்தில் ஓடியது? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலாம் நாள், வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் உனக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பியது அது. மகளுக்கு அனுப்பினேன், உலகத்துக்கு அனுப்பவில்லை.

போன வாரம் குற்றாலத்துக்குப் போனேன். சாரல் நன்றாக விழுகிறது, ஐந்தருவியில் கூட்டம் சொல்லி முடியாது. குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தால் நேந்திரம் சிப்ஸ் கடை ஸ்பீக்கரில் என் சத்தம். ஏட்டி செல்வி, எங்க இருக்க, அப்பா கெடக்காவ, ஒருக்கா வந்துட்டுப் போ என்று நான் அழுகிறேன், உடனே டும் டும் என்று உன் மேளம். நாலு பையன்கள் துண்டைச் சுழற்றி ஆடுகிறார்கள். ஒருவன் போகிற வருகிற பெண்களைப் பார்த்து ஒருக்கா வந்துட்டுப் போ என்று கத்துகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். உமா மகேஸ்வரி என் கையைப் பிடித்து இழுத்தாள், அக்கா வாங்க போயிருவோம் என்று. நான் நகரவில்லை. ஏன் தெரியுமா, பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் அப்பா சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். வராது என்று தெரிந்தும் நிற்கிறேன்.

உனக்கு விளங்காது, சொல்கிறேன். போன மாதம் ஒரு பேட்டியில் நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய், அம்மா குரலுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல் இருந்தது, எங்கள் இன்ஜினியர் கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டார் என்று. அதே பேட்டியில் பேட்டி எடுத்த பெண் கேட்டாள், உங்கள் அப்பா உங்கள் பாட்டைக் கேட்டிருக்கிறாரா என்று. நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கடைசி வரைக்கும் அவருக்கு நான் பாடுறது பிடிக்கல என்றாய். எல்லாரும் உனக்காகக் கண்ணைத் துடைத்தார்கள்.

அப்பா உன்னை வைதது உண்மை. இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கிதாரைத் தூக்கிக்கொண்டு நீ ரயிலேறியபோது நாலு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தது உண்மை. போலீஸ் ஸ்டேஷனில் கூட வேலை பார்க்கிறவர்கள் ஏட்டையா மகள் கூத்தாடப் போய்விட்டாளாமே என்று கேட்டபோது தலை குனிந்துகொண்டு வந்ததும் உண்மை. ஆனால் உன் முதல் பாட்டு வந்ததும் தன் போனில் காலர் ட்யூனாக வைத்தது யார்? இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, என்னய்யா இது, போன் பண்ணினால் ஒரு பிள்ளை பாடுது என்று கேட்டதற்கு, மகன் தெரியாமல் மாற்றிவிட்டான் ஐயா என்றார்கள் உங்க அப்பா. பாண்டி அந்தப் போனைத் தொட்டதே இல்லை. சாகிற வரைக்கும் அதை மாற்றவும் இல்லை. நீ அப்பாவுக்கு வாரம் ஒரு தடவையாவது போன் போட்டிருந்தால் உன் குரலை நீயே கேட்டிருப்பாய்.

இப்போது அந்த இரைச்சலுக்கு வருகிறேன். நான் அனுப்பியது ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடி. நீ பாட்டில் எடுத்தது பதினோரு நொடி. அந்தப் பதினோரு நொடியிலேயே என் அழுகைக்குப் பின்னால் மெல்ல ஒரு சத்தம் விடு, விடு என்கிறது. அது மின்விசிறி இல்லை, பக்கத்துக் கட்டில்காரரும் இல்லை. அதைத்தான் உன் இன்ஜினியர் துடைத்தார். அன்றைக்கு நீ பதில் போட்டாய், ரெகார்டிங்கில் இருக்கேன், நாளைக்குப் பேசுதேன் என்று. நாளைக்கும் பேசவில்லை. ஆறாம் நாள் அப்பா போய், தூக்கிக்கொண்டுபோய் எல்லாம் முடிந்த பிறகு சாயங்காலம் வந்தாய், மூன்றாம் நாள் போய்விட்டாய். நான் அனுப்பியதை முழுக்கக் கேட்டும் வரவில்லை என்று நினைத்து இந்த ஒரு வருஷமும் உன்மேல் மனசு வெறுத்துக் கிடந்தேன். அந்தப் பேட்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நீ அதை முழுக்கக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அப்படி ஒரு வார்த்தை உன் வாயில் வந்திருக்காது. முன்னமே நான் கேட்டிருக்கலாம்தான், வீம்பு பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன், அது என் தப்பு.

நான் அழுது முடித்த பிறகும் கட்டைவிரலை எடுக்கத் தெரியாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அப்போது அப்பா சொன்னது அதில் இருக்கிறது. மூச்சு வாங்கி, நடுவில் இருமி, "ஏட்டி, பிள்ளைய அழ வைக்காத. பாடிக்கிட்டு இருப்பா. முடிச்சிட்டு வரட்டும்" என்றார்கள். பிறகு உன் முதல் பாட்டின் ஒரு வரி. ராகம் கீகம் ஒன்றும் இல்லை, பாதி வார்த்தை தப்பு. உங்க அப்பா பாடி நான் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

கம்பெனித் தாளைக் கையெழுத்து இல்லாமல் இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். குரல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பேர் மட்டும் அடித்திருக்கிறார்கள். குரல் கொடுத்தவர்கள் இரண்டு பேர். துடைத்ததைத் திரும்ப வைத்து, மாரிராஜ் என்று அப்பா பேரையும் போட்டு, அவருக்குப் பிடிக்கல என்று சொன்ன வாயால் பிடித்திருந்தது என்று அதே இடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வா, கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு மனசு வரவில்லை என்றால் சினிமாவுக்கு வேறு யாராவது அம்மாவை அழச் சொல்.

பாண்டி போலீஸ் தேர்வில் ஓட்டம் பாஸாகிவிட்டான். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு வருஷத் திதி ஆடி 14-ல் வருகிறது, குற்றாலத்தில் வைத்துத்தான் கொடுக்கிறோம், பாட்டுக் கச்சேரி இல்லாவிட்டால் வா. ஐஸ் தண்ணீர் குடிக்காதே, தொண்டைதான் உனக்குச் சோறு. எவ்வளவு வைதாலும் பெற்ற வயிறு, நீ நல்லா இருக்க வேண்டும் என்று இலஞ்சிக் குமரனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்கு நான் அனுப்பியதை மறக்காமல் இயர்போன் போட்டு முழுக்கக் கேள், அப்பா சத்தம் ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. தங்கத்தாய்
(இது உனக்குப் போட்ட கையெழுத்து, கம்பெனிக்கு இல்லை.)