உளிக்குப் போட்ட பிடி

மாமா, போனை வீட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டீங்க. உங்களைத் தேடித்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறேன். அதுக்குள்ள வந்துட்டா முதல்ல கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க, அப்புறம் இட்லியைத் தொடுங்க.

பழைய அரத்தைத் தீட்டி உளி பண்ணீங்களே, அதோட பிடிக்குன்னு பிச்சாவரத்துல நீங்க ஒடிச்சாந்த கொம்பு தில்லை மரம், இப்பத்தான் பாத்தேன். செதுக்குன எடத்துல இன்னும் பால் கசியுது. எங்க ஊர்ல சின்னப் புள்ளைங்ககூட அதைத் தொடாது. கண்ணுல பட்டா பார்வையே போயிடும். செதுக்கிப் போட்ட சீவலையும் அடுப்புல போட்டுடாதீங்க, புகையும் ஆகாது.

காலையில உங்க கண்ணு செவந்திருந்திச்சு. உளியைக் கடையில வாங்குனா என்னன்னு நேத்து நான் கத்துனதுக்கு அழுதிருக்கீங்கன்னு நெனச்சு, ஒண்ணும் கேக்காம இருந்துட்டேன்.

அஞ்சலை

இந்த எழுத்து மங்கலா தெரிஞ்சா கண்ணைத் தேய்க்காதீங்க மாமா. அங்கேயே நின்னு பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி அக்காவைக் கத்திக் கூப்பிடுங்க.