இஞ்சின் மேல் கோலமாவு

12-11-57 செவ்வாய்
விடிஞ்சதுலேருந்து தூறல். திருமயம் ரோட்டுல பிக்கப் வேன் மறுபடி படார் படார்னு வெடி. எதிர்ல வந்த வண்டிமாடு மிரண்டு பள்ளத்துல இறங்கிருச்சு. வண்டிக்காரர் வைத வசவு அத்தனையும் எனக்கு. டிரைவர் வீரையா இறங்கி மாட்டைப் பிடிச்சு மேலே ஏத்தி விட்டான். வீடு வந்து பார்த்தா வண்டிக்கு அடியில ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஆயில். போன மாசம் வரைக்கும் ஒரு குறையும் இல்லாத வண்டி.

வள்ளிக்கு ஒம்பதாம் மாசம். பிள்ளை குறுக்கே கிடக்காம். "வலி கண்டதும் கூட்டியாந்துரணும், வீட்டுல வச்சுப் பார்க்கப்படாது"ன்னு புதுக்கோட்டை டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லிட்டாக. பஸ்ஸோ காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. என் வீட்டுக்காரவுக மலாயாவுல. வேன் இருக்குற தைரியத்துலதான் மகளை இங்கே வச்சிருக்கேன்.

வாங்க: சீரகம், மண்ணெண்ணெய், விளக்குத்திரி.

13 புதன்
கொழுந்தன் சுப்பையா ஒரு மெக்கானிக்கோட வந்தான். அந்த ஆள் குனிஞ்சு கீழே ஒரு பார்வை, அவ்வளவுதான். பானெட்டைத் தூக்கக்கூட இல்லை.

"பின்பக்கத்து ஆயில் சீலு போச்சு ஆச்சி. வால்வும் எரிஞ்சிருக்கும். இஞ்சினை இறக்கணும்."

"எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம். அப்பவும் உறுதி சொல்ல முடியாது."

சுப்பையா அதுக்குன்னே காத்திருந்த மாதிரி: "அண்ணமிண்டி, பழைய பட்டாளத்து வண்டி. தள்ளி விட்டுருவோம், காரைக்குடியில வாங்க ஆள் இருக்கு. பொம்பளை மட்டும் இருக்குற வீட்டுக்கு வேன் எதுக்கு?"

எதுக்காம்! ஆம்பளையா பிள்ளை பெறப் போறான்? மோர்கூடக் கொடுக்காம அனுப்பினேன்.

14 வியாழன்
வெயில். ஆத்திரம் அடங்கலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால இஞ்சினை நானே துடைச்சேன். அவுக இருந்தப்ப ஞாயித்துக்கிழமைதோறும் பக்கத்துல நின்னு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவ நான். ஒழுகுற இடம் தெரியலைன்னா மாவு தூவுவாக. காத்தாடிப் பக்கம் விட்டுட்டு, பின்பக்கம் பூராவும் கோலமாவு தூவினேன். வீரையாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

"எதுக்கு ஆச்சி? அதான் சீலுன்னு சொல்லிட்டாகள்ல."

"பண்ணுடா."

கால் மணி நேரம் ஓடுச்சு, நடுநடுவுல வெடி. மாவு நனையத் தொடங்குனது கீழே இல்லை. உச்சியில, மேல்மூடியோட பின்மூலையில. அங்கேருந்து கோடா வழிஞ்சு இறங்கி, பார்க்கிறவனுக்கு சீல் ஒழுகுற மாதிரி சொட்டுது. மூடி நட்டைத் தொட்டா விரலோட சுத்துது. முறுக்கினேன். திரும்பத் துடைச்சு, திரும்ப மாவு. பொட்டு ஈரமில்லை.

இதுக்கா இஞ்சினை இறக்கணும்? அந்த மெக்கானிக் குருடனா, களவாணியா?

வள்ளிக்குக் கால் வீக்கம். உப்பைக் குறைச்சாச்சு.

16 சனி
வெடி நிக்கலை. பிளக் நாலையும் கழட்டினேன். மூணாவதும் நாலாவதும் பெட்ரோல்ல நனைஞ்சு கிடக்கு, எரியவே இல்லை. வயரைத் துடைச்சப்ப அழுக்குக்கு அடியில நூல். மறந்தே போயிட்டேன். அவுக கப்பலேறும் முன்னால கட்டினது. முதல் பிளக் வயருக்கு ஒரு முடிச்சு, ரெண்டாவதுக்கு ரெண்டு, அப்படியே நாலு வரைக்கும்.

மூணு முடிச்சு போட்ட வயர் நாலாவதுல மாட்டியிருக்கு. நாலு முடிச்சு மூணாவதுல. தானா இடம் மாறுமா?

சரியா மாட்டினேன். கைப்பிடி போட்டு ஒரே சுத்து, பிடிச்சுக்கிச்சு. வெடியுமில்லை, உதறலுமில்லை. திரும்பினா வீரையா கிணத்தடியில. முகத்துல ரத்தமே இல்லை.

"யாருடா மாத்தினது?"

"நாந்தான் ஆச்சி. நட்டை லூசாக்குனதும் நாந்தான். மெக்கானிக்கைக் கூட்டியாந்த சின்னவுகதான் சொன்னாக. நீங்க முன் சீட்டுல உக்காந்து ஊர் ஊராப் போறது குடும்பத்துக்குக் கேவலமாம். ஓடலைன்னா நீங்களே வித்துருவீகன்னாக."

"வள்ளி இருக்குற நெலமை ஒனக்குத் தெரியாது?"

"தெரியும் ஆச்சி."

தெரியுமாம். அந்தச் சொல்லுக்குத்தான் ஓங்கி அறைஞ்சேன். சாவியைப் பிடுங்கிக்கிட்டு விரட்டிட்டேன். கை இன்னும் காந்துது.

18 திங்கள்
இது ஆஸ்பத்திரியில வச்சு எழுதுறது.

பகல் பதினோரு மணிக்கு வலி. அடைமழை. சுப்பையாவுக்கு ஆள் விட்டேன். "சாயங்கால பஸ்ஸுல போகலாம், துணைக்கு வாரேன்"னு பதில். சாயங்காலம்! வள்ளி "ஆத்தா, ஆத்தா"ன்னு கத்துறா. எனக்கு வண்டியைக் கிளப்பத் தெரியும், ஓட்டத் தெரியாது. தெரிஞ்சுக்காம விட்ட என்னையே செருப்பால அடிக்கணும்.

வீரையா தானா வந்து நின்னான், தொப்பலா நனைஞ்சு. "இன்னும் நாலு அறை அறைங்க ஆச்சி. சாவியைக் கொடுத்துட்டு அறைங்க."

கொடுத்தேன். மன்னிச்சுக் கொடுக்கலை.

பின்னால மெத்தையைப் போட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வள்ளி தலை என் மடியில. சுப்பையா அவன் வீட்டு வாசல்ல குடையோட நின்னு கையைக் காட்டினான். நான் நிறுத்தச் சொல்லலை. போய்ச் சேருற வரைக்கும் இஞ்சின் ஒரு தும்மல் போடலை.

ஆபரேஷன். பொம்பளைப் பிள்ளை. ரெண்டு உசிரும் தங்கிருச்சு. "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கையை விரிச்சிருப்போம்"னாக டாக்டரம்மா. சாயங்கால பஸ் அதுக்குள்ள எங்க ஊருக்கே வந்திருக்காது.

20 புதன்
மழை விட்டிருக்கு. வள்ளி கஞ்சி குடிச்சா. பிள்ளைக்கு அழுகை பலம்.

சுப்பையா சாத்துக்குடியோட வந்தான். பிள்ளையைத் தொட நான் விடலை. சாத்துக்குடியை ஜன்னல்ல வச்சுட்டு, "அண்ணனுக்கு என்ன எழுதப் போறீக?"ன்னான்.

"நான் எழுதலை. நீங்க எழுதுங்க தம்பி. நடந்ததை நடந்தபடி எழுதி, எங்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத் தபால்ல போடுங்க."

எழுதி வாசிச்சான். ரெண்டாவது வரியிலயே 'வண்டி பழுதாகிவிட்டபடியால்'. பழுதாகிவிட்டதாம்! வாங்கிக் கிழிச்சுட்டு வேற தாள் கொடுத்தேன்.

வராந்தா பெஞ்சில உக்காந்திருக்கான். பேனாவை மூடி மூடித் திறக்குறான். எழுதட்டும்.