ஐந்தாவது பாட்டு மட்டும் தனியாக

அஸ்தினாபுரம்,
24.8.2008

அன்புள்ள நிஷாக் கண்ணுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் மாமாவுக்கு வழக்கம்போல் வாயுத் தொல்லை, எனக்கு வழக்கம்போல் வாய்த் தொல்லை.

போன் வேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்று நீ சொல்லி அனுப்பியபோது கோபம்தான் வந்தது. சிறுசேரியில் சமர்த்தாக வேலை பார்த்தவளைக் கம்பெனி யோகோஹாமாவுக்குத் தூக்கிப் போனதும் இல்லாமல் அத்தையின் குரல்கூட வேண்டாமா என்று புலம்பினேன். மாமாதான் போட்டு உடைத்தார்: "அவ திக்கித் திக்கி ஒரு வார்த்தை ஆரம்பிக்கிறதுக்குள்ள நீ மூணு கதை சொல்லி முடிச்சிடுற. காசு அவளுது, பேச்சு உன்னுது. எந்தப் பொண்ணு போன் பண்ணும்?" நியாயம்தான். நீ "அத்தை, சா..." என்பாய். "சாப்பாடு சரியில்லையா?" என்று நான் முடித்துவிடுவேன். நீ பாவம், சாவி தொலைந்ததைச் சொல்ல வந்திருப்பாய். உன் அம்மா போனபின் உன்னை வளர்த்த உரிமையில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஊர் வம்பு ஒன்று. மூன்றாம் மாடி ஜெபராஜ் சார் முதல் முறையாகத் தலைக்கு மை அடித்தார். அன்றைக்கென்று மழை. வெள்ளைச் சட்டை வரிக்குதிரையாகி வீடு திரும்பினார். "பேனா லீக்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். பேனாவைக் காதில் வைத்திருந்தாரோ என்னவோ.

கீழ்வீட்டு இஃப்ரா இப்போது காலேஜ் இரண்டாம் வருடம். "ஆன்ட்டி, ஜப்பான்ல கம்ப்யூட்டரே பாடுதாமே, வோக்கலாய்டுன்னு. நிஷாக்காவ நல்ல பாட்டா அனுப்பச் சொல்லுங்களேன்" என்று உயிரை எடுக்கிறாள். நம் மிக்ஸி பாடுமே, அப்படியா? இருபது வயதுப் பிள்ளைகள் கேட்கிற மாதிரி நாலைந்து அனுப்பு. கொலுவுக்கு வருகிற பெண்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

என்றும் உன்,
துர்கா அத்தை


யோகோஹாமா,
13.9.2008

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவை இரவில் உருளைக்கிழங்கு தின்ன விடாதீர்கள். இத்துடன் சிடி இருக்கிறது.

வோக்கலாய்ட் தானாகப் பாடாது அத்தை. மெட்டையும் வார்த்தைகளையும் அசை அசையாக நாம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் குரலின் துண்டுகளைக் கோர்த்து அது பாடும். இங்கே என் வயதுப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தபடி பாட்டுச் செய்து இணையத்தில் போடுகிறார்கள். அதற்கு மூச்சு முட்டாது. எந்த வார்த்தையிலும் நின்றுவிடாது.

முதல் பாட்டு இஃப்ராவுக்கு. பரீட்சைக்கு முன்னால் கேட்டால் பயம் போய்விடும். இரண்டாவது, கடைசி ரயிலை விட்டவள் பாடுவது. தாம்பரம் ஸ்டேஷனில் அப்படி நின்றவர்களுக்கு மொழி தேவையில்லை. மூன்றாவது பல் தேய்ப்பதைப் பற்றி, மாமா சிரிப்பார். நான்காவது காதலில் தோற்றவர்களுக்கு. முதல் தடவை பிடிக்காது, அடுத்த தடவை அழுகை வரும்.

ஐந்தாவது தமிழ்ப் பாட்டு. அதை மட்டும் கொலுவில் போட வேண்டாம். இஃப்ராவிடம் ஹெட்போன் வாங்கித் தனியாகக் கேளுங்கள். ஜப்பானியக் குரல் என்பதால் சில எழுத்துகள் கொழகொழவென்றிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
நிஷா


அஸ்தினாபுரம்,
6.10.2008

அன்புள்ள நிஷாக் கண்ணுக்கு,

உன் சிடியால் அத்தை புகழின் உச்சியில் இருக்கிறேன்!

நேற்று ஞாயிற்றுக்கிழமை, கொலுவுக்கு நல்ல கூட்டம். இஃப்ரா தன் கம்ப்யூட்டரையே மேலே தூக்கி வந்து ஸ்பீக்கர் மாட்டினாள். முதல் பாட்டுக்குச் சின்னப் பெண்கள் குதித்தார்கள். இரண்டாவதுக்குள் மீன்கார கங்கையம்மாள் சுண்டல் வாங்க வந்தாள். "இன்னாம்மா இது, தொண்டையில விசிலு மாட்டிக்கினு பாடுது? மூச்சே வுடாதா அந்தப் பொண்ணு?" என்றாள் பார், அதோடு கூடம் கலகலத்துவிட்டது.

ஐந்தாவதைத் தனியாகக் கேட்கச் சொன்னது நினைவிருந்தது. ஆனால் எதிரே ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போது கடையைச் சாத்த உன் அத்தைக்குத் தெரியாதே! "இன்னொண்ணு போடுங்க" என்றார்கள், போட்டேன். "ஏய், இது தமிழுடீ!" என்று ஒருத்தி கத்தினாள். "ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற அம்மா கச்சேரிக்கு வந்துட்டாங்க போல" என்றார் ஜெபராஜ் சார். பிறகு நான் சும்மா இருப்பேனா? முந்தானையைச் செருகிக்கொண்டு அதே குரலில், "சுண்-டர் வாங்-கிக்-கோங்-க" என்று பாடினேன். ஜெபராஜ் சார் கண்ணில் தண்ணீர். மாமாகூடச் சிரித்தார், எங்களுக்குக் கல்யாணம் ஆகி அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

சிரிப்பில் பாட்டு யார் காதிலும் விழவில்லை. இஃப்ரா மட்டும் பாதியில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பரீட்சைக் கவலையாக இருக்கும்.

அது சரி, அந்தத் தமிழ்ப் பாட்டை எழுதியது யார்? உங்கள் ஆபீசில் வேலை வெட்டி இல்லாத பையன் எவனாவதா? விவரமாக எழுது.

உன்,
துர்கா அத்தை


யோகோஹாமா,
25.10.2008

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கும் மாமாவுக்கும் தீபாவளி வாழ்த்துகள். கொலு நன்றாக நடந்ததில் சந்தோஷம்.

அந்தப் பாட்டை ஆபீஸ் பையன் எழுதவில்லை. நான் எழுதினேன். மெட்டும் என்னுடையதுதான். அம்மா போனபின் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் கடையிலும் எனக்குப் பதிலாக நீங்கள்தான் பேசினீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டு, இனிமேல் மெதுவாக நானே பேசிக்கொள்கிறேன், கொஞ்சம் காத்திருங்கள் என்று கேட்கிற பாட்டு. ஒரு தடவையாவது திக்காமல் உங்களிடம் அதைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கோபம் எதுவும் இல்லை. பாட்டை இங்கே இணையத்தில் போட்டேன். முன்பின் தெரியாத சிலர் முழுதும் கேட்டார்கள்.

பொங்கல் சமயம் லீவில் வருகிறேன். சிறுசேரியில் கம்பெனி விடுதியிலேயே தங்கிக்கொள்வேன். ஒரு நாள் சாப்பிட வருகிறேன்.

நிஷா


அஸ்தினாபுரம்,
9.11.2008

நிஷா,

உன் கடிதத்தைப் படித்ததும் கீழே ஓடினேன். இஃப்ரா ஒன்றும் கேட்கவில்லை, ஹெட்போனை எடுத்துக் கொடுத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போனாள். முழுதும் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். அந்தக் குரலைக் கேட்டு இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். எழுதத் தெரியவில்லை. துர்காவுக்கு எழுத வரவில்லை என்றால் ஜெபராஜ் சார் இனிப்பு வழங்குவார். பார், இங்கேயும் ஒரு ஜோக் நுழைந்துவிட்டது. என்னை என்ன செய்வது?

தப்புதான் கண்ணு. விடுதி எதற்கு? உன் அறை அப்படியே இருக்கிறது. ஒரு வரி பதில் போடு.

அத்தை


அஸ்தினாபுரம்,
22.1.2009

அன்புள்ள நிஷாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நீயே வந்தாய், அது பெரிது.

ஊருக்குப் போனவர்களெல்லாம் திரும்புகிற அந்த ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டி, களைத்துப்போய் வந்து நின்றாய். விருந்தாளி மாதிரி பழம் வாங்கி வந்திருந்தாய். சாப்பிடும்போது நான் வாயே திறக்கவில்லை. மாமா பயந்துபோய், "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நீ லேசாகச் சிரித்தாய். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பால்கனியில் நாம் இருவர் மட்டும். "அத்தை, அந்தப் பா... பா..." என்று ஆரம்பித்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், என் நாக்கின் நுனியில் வார்த்தை வந்து நின்றது. பல்லால் கடித்துக்கொண்டேன். அது பாட்டோ பாயசமோ, நான் முடிக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருக்கத் தயாராக இருந்தேன் கண்ணு.

என் முகத்தில் என்ன பார்த்தாயோ தெரியவில்லை. கீழே ஆட்டோ திரும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "ஒண்ணுமில்ல அத்தை" என்றாய்.

அதைச் சொல்லும்போது மட்டும் உனக்குத் திக்கவே இல்லை.

உன்,
அத்தை