உள்ளே வருவதும் வெளியே செல்வதும்

ஹான்காக், மிச்சிகன்
28 ஜனவரி 2019

அன்பு மகன் ரஸ்ஸலுக்கு,

நான் நலம். ஜனீனும் பிள்ளைகளும் நலமாயிருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி சமையலறை ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஃபோனில் நீ வேகமாகப் பேசுவாய், நான் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் காகிதம்.

மூன்று வாரங்களுக்கு முன் கேட்டாய்: "அப்பா, உங்க கம்ப்யூட்டருக்குள்ள என்னால வர முடியல. ஏதாச்சும் ஆயிடுச்சா?" தெரியவில்லை, பார்க்கிறேன் என்றேன். அது பொய். அடைத்தது நான்தான்.

முறையாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பழைய வைஃபை அட்டை செத்துப்போனது உனக்குத் தெரியும். நீ அனுப்பிய புதியதைச் செருகினேன். லினக்ஸ் அதை அடையாளம் கண்டுகொண்டது, ஆனால் அதை இயக்கும் ஃபர்ம்வேர் கோப்பு தன்னிடம் இல்லை என்றது. கோப்பு இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக அந்தக் கோப்பு வேண்டும். தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணி இரண்டு நாள் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகத் தாளில் குறித்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், பென் டிரைவில் இறக்கி வந்தேன். அது பழைய பதிப்பு. மறுநாள் மறுபடி போனேன். நூலகத்து வெல்மா, "என்ன ஆர்மஸ், உங்க பொட்டிக்கு இன்னும் பசி அடங்கலையா?" என்றாள். நாலாம் தேதி வைஃபை வந்தது.

நான் சொல்ல வந்தது இடையில் இருந்த அந்த ஒன்பது நாளைப் பற்றி.

நான் சவுனாவில் நீராவிக் குளியல் எடுக்கும்போது விழுந்த பிறகு நீ அங்கே ஒரு வெப்பமானியும், கதவில் ஒரு சிறு கருவியும் பொருத்திக் கம்ப்யூட்டரோடு இணைத்தாய். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கற்கள் சூடேறி நூற்றைம்பது ஃபாரன்ஹீட் டிகிரியைத் தாண்டியதும் உடை மாற்றும் அறையில் ஃபோன் அடிக்கிறது. ஈர உடம்போடு ஓடி வந்து எடுப்பேன். "அப்பா, உசுரோட இருக்கீங்களா?" "இருக்கேன்டா, துண்டுதான் இல்ல." இருவரும் சிரிப்போம். திரும்பிப் போய் உட்கார்ந்தால் அது சவுனாவாக இருக்காது. இனி ஒருமுறை விழுந்தால் அந்த ஓட்டத்தில்தான் விழுவேன் என்று உன்னிடம் சொல்லத் துணிந்ததில்லை.

வைஃபை இல்லாத அந்தச் சனிக்கிழமை ஃபோன் அடிக்கவில்லை. நானும் உன் அம்மாவும் நாற்பத்து நான்கு வருடம் உட்கார்ந்த மேல் பலகையில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்த காலத்திலும் வாரத்தில் எனக்குப் பயமில்லாத நேரம் அது ஒன்றுதான். வைஃபை வந்த மறுநாளும் சனிக்கிழமை. ஃபோன் அடித்தது.

திங்களன்று நூலகத்தில் ஃபயர்வாலைப் பற்றி நாற்பத்தொரு பக்கம் அச்செடுத்து வந்து படித்தேன். நீ எழுதி வைத்த விதிகளைத் திரையில் வரவழைத்தேன். உள்ளே வருவது: மறு. வெளியே செல்வது: அனுமதி. இருபத்திரண்டாம் எண் வாசல் வழியாக உனக்கு மட்டும் உள்ளே வர அனுமதி. அந்தக் கடைசி வரியை அழித்தேன். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள் ஃபோன் அடிக்கவில்லை.

பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். ஆனால் அந்த வரியைத் திரும்ப எழுதச் சொல்லாதே. இதைக் கேட்பது எனக்கு எளிதாக இல்லை.

அன்புடன்,
அப்பா


மின்னியாபொலிஸ்
2 பிப்ரவரி 2019

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தால் வீட்டில் ஒரு தபால்தலைகூட இல்லை. ஜனீன் சிரிக்கிறாள். எழுபத்தொன்பது வயதில் நீங்களே ஃபர்ம்வேர் ஏற்றியதை அலுவலகத்தில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

அடுத்ததைச் சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் அது உங்களை ஏமாற்றுவது.

நீங்கள் அடைத்தது நான் உள்ளே வரும் வழியை. சவுனாவின் செய்திகளை நான் உள்ளே வந்து எடுப்பதில்லை, அப்பா. உங்கள் கம்ப்யூட்டரே எனக்கு வெளியே அனுப்புகிறது. 'வெளியே செல்வது: அனுமதி' என்பதில் அவையும் அடக்கம். மூன்று சனிக்கிழமையும் வந்தன. நூற்று எழுபத்திரண்டு, நூற்று அறுபத்தெட்டு, நூற்று எண்பது டிகிரி.

வழியை அடைத்தது நீங்கள்தான் என்று, நான் ஃபோனில் கேட்ட அந்தச் செவ்வாய்க்கிழமையே புரிந்துவிட்டது. என்னைக் கேட்காமல் நீங்கள் ஒரு காரியம் செய்தது என் நினைவில் இதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அதனால் கூப்பிடவில்லை. ஆனால் சனிக்கிழமை உங்கள் ஊர் நேரம் ஆறு மணிக்குக் காரில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டுக்குள் இருந்தால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிடுவார்கள். 'கதவு திறந்தது' என்று வந்த பிறகுதான் உள்ளே போவேன். போன வாரம் எழுபது நிமிடம். நீங்கள் சவுனாவில் விழுந்த அன்றைக்கு உங்களைத் தரையில் கண்டது நான். அதை எப்படி மறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தோடு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். அதிலுள்ள வரியைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தால் அந்தச் செய்திகளும் நின்றுவிடும். உங்கள் இணையத்துக்கு ஒன்றும் ஆகாது. எனக்காகச் சரி என்று சொல்ல வேண்டாம். செய்யுங்கள், அல்லது விடுங்கள்.

உங்கள்
ரஸ்ஸல்


ஹான்காக், மிச்சிகன்
18 பிப்ரவரி 2019

அன்பு மகன் ரஸ்ஸலுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். வெளியே செல்வது என்றால் நான் அனுப்பும் கடிதங்கள், நான் தேடிப் படிக்கும் பக்கங்கள் என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன். என் மாணவன் ஒருவன் வாக்கியத்தில் பாதியைப் படித்துவிட்டு மொழிபெயர்த்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு நீ அனுப்பிய வரியைத் தட்டச்சு செய்தேன். விதிகளை இரண்டு முறை சரிபார்த்தேன். பிர்ச் விறகு போட்டு அடுப்பு மூட்டினேன். ஆறு மணிக்கு உள்ளே போய் மேல் பலகையில் உட்கார்ந்தேன். இந்த முறை உண்மையாகவே யாருக்கும் தெரியாது.

நீ காரில் இருந்தாய். எஞ்சினை ஓடவிட்டிருக்கிறாயா, குளிரில் உட்கார்ந்திருக்கிறாயா என்று யோசித்தேன். கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினேன். இனி 'கதவு திறந்தது' என்று உனக்கு வராதே, எதை வைத்து வீட்டுக்குள் போவாய் என்று தோன்றியது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து வந்து உன்னைக் கூப்பிட்டேன். அங்கே பனி எப்படி என்று கேட்டேன். "தெரியலப்பா, நான் வீட்டுக்குள்ளதான் இருக்கேன்" என்றாய். பின்னால் காரின் வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது. சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

மறுநாள் அந்த வரியை எடுத்துவிட்டேன். இருபத்திரண்டாம் எண்ணையும் உனக்குத் திரும்பத் திறந்து வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை ஏதாவது செய்திருப்பேன், உள்ளே வந்து பார்த்துக்கொள். எல்லாம் நீ வைத்தபடியேதான் இருக்க வேண்டும்.

நேற்று முன்தினம் சனிக்கிழமை உனக்குச் செய்தி எதுவும் வந்திருக்காது. கம்ப்யூட்டரில் குறை தேடாதே. வைஃபை நன்றாக இருக்கிறது, ஃபயர்வாலிலும் ஒன்றுமில்லை. நான் அடுப்பு மூட்டவில்லை. குளியலறைக் குழாயில் வெந்நீர் வருகிறது, என் வயதுக்கு அது போதும்.

இனிச் சனிக்கிழமைகளில் ஆறு மணிக்கு நீ வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

அன்புடன்,
அப்பா