உனக்குச் சொல்லாத பத்தியம்

எனக்கு முன்னே பிறந்து, என்னை முந்திக்கொண்டே போய்விட்ட என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ சாப்பிட்ட அதே மாத்திரையை நானும் சாப்பிட்டேன். அதை நிறுத்தி நாலைந்து நாளாகிறது. பழைய மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை இரண்டு வாரம் சும்மா இருக்கவேண்டுமாம்; பிறகுதான் புதியதைத் தொடலாமாம். அந்த இரண்டு வாரத்துக்கான பத்தியத்தை ஒழுங்காகச் சொல்லவைக்க, உனக்கு மருந்து கொடுத்த அதே டாக்டரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். உன் தங்கச்சி வாயாடி என்று உனக்குத் தெரியும். இப்போது ஆஸ்பத்திரிக்கும் தெரிந்துவிட்டது.

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது, கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. உனக்குத் தெரிந்ததையே திரும்பவும் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். தெரியாதவர்களும் கேட்கட்டும்.

உன் பிள்ளை பிறந்த மறுவாரமே கண்ணை மூடியது. அதற்குப் பிறகு நீ தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தொடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாய். தோட்டத்து மருந்துக்காரர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சோம்பலுக்குத் தன்னிடம் மருந்து இல்லை என்றார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி உன் பேரைக் கூப்பிட்டு, "மகாராணி இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்பார். நின்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உன் புருஷன் சிரிக்கவில்லை. மச்சான் அப்போது பெரிய பங்களாவில் சமையல்காரர். துரையின் மனைவியிடம், நாம் துரைசாணி என்று கும்பிடுகிற அந்த அம்மாளிடம், உன் நிலைமையைச் சொல்லி அழுதிருக்கிறார். இது மனசில் வருகிற நோய், இதற்கு மாத்திரை உண்டு என்று அந்த அம்மாள் சொன்னார். ரயிலேறிப் போகிற பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த டாக்டரிடமும் சொல்லிவைத்தார். ஒரு துரைசாணிக்கு இந்த நோயைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று நாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் மாத்திரையில் உனக்கு வாய் காய்ந்தது, விரல் நடுங்கியது. கொழுந்து கிள்ளுகிற விரல் நடுங்கினால் நம் பிழைப்பு என்னாவது? மனசு மட்டும் அந்தச் சுவரோரமே கிடந்தது. டாக்டர் அதை நிறுத்தி, கொஞ்ச நாள் விட்டு, வேறு மாத்திரைக்கு மாற்றினார். அன்றைக்கு நான்தான் உன்கூட வந்தேன். மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கையைக் கூப்பி நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"ஐயா, இந்த மருந்துக்குப் பத்தியம் ஏதும் இருக்குங்களா?"

நம் ஆட்களில் எவர்தான் பத்தியம் கேட்காமல் மருந்து வாங்குவார்? பிள்ளைக்குச் சளி மருந்து வாங்கினாலும் புளியைத் தள்ளுவதா, கருவாட்டைத் தள்ளுவதா என்று கேட்டுத்தானே வாங்குவோம். டாக்டர் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்சும் சிரித்தாள்.

"இது நாட்டு மருந்து இல்லம்மா. பத்தியம் கித்தியம் ஒண்ணும் கெடையாது. கெடச்சதைச் சாப்பிடு."

நீ வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்துவிட்டாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான், அக்கா. ஏன் எழுந்தாய்? இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார், நமக்கென்ன?

புது மாத்திரை உனக்குக் கேட்டது. ஒரு மாதம் போயிருக்கும், நான் தலை வாரியிருந்த லட்சணத்தைப் பார்த்து நீ என்னைத் திட்டினாய். அவ்வளவு நாளைக்குப் பிறகு உன் வாயில் அந்தத் திட்டைக் கேட்டு நான் வெளியே போய் அழுதேன். பிறகு ஒருநாள் பசிக்கிறது என்றாய். உனக்குப் பசி வந்த சேதியை மச்சான் லயத்து வரிசையில் ஒரு வீடு விடாமல் சொன்னார்.

பங்களா மேசையில் மிஞ்சுவது சமையல்காரருக்குத்தான் என்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். அந்த வருஷம் பங்களாவில் சீஸ் மிஞ்சிக்கொண்டே இருந்தது. துரை கொஞ்சம் வெட்டித் தின்பார், துரைசாணி திரும்பியும் பார்ப்பதில்லை. கெட்டியாகி நெடி ஏறிய மீதியை மச்சான் காகிதத்தில் சுற்றி உனக்குக் கொண்டுவந்தார். நீ முதலில் மோந்து பார்த்து மூக்கைப் பொத்தினாய். அவர் அதை ரொட்டிக்குள் வைத்து, அடுப்பில் வாட்டி, உருகவைத்துக் கொடுத்ததும் விரலை நக்கினாய். உனக்கு ஏதாவது ருசித்ததே என்று நாங்கள் இரண்டு பேரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் கிடைத்ததெல்லாம் சின்னத் துணுக்குகள். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரிய துண்டாகக் கிடைத்தது. ரொட்டியைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாய். கொஞ்ச நேரத்தில் பிடரியைப் பிடித்துக்கொண்டு, "தலை வெடிக்குதுடி காமாட்சி" என்றாய். வாந்தி எடுத்தாய். தோட்டத்து லாரியில் உன்னை ஏற்றி வட்டகொடை ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் என் கையிலிருந்த உன் கை சும்மா கிடந்தது.

லயத்தில் செய்வினை என்றார்கள். நல்லாகி எழுந்தவள்மேல் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். நாங்களும் அதையே நம்பிக்கொண்டு இருந்திருப்போம். துக்கம் விசாரிக்க மச்சானைக் கூப்பிட்ட துரைசாணி, நீ கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். மச்சான் சொன்னார். அந்த அம்மாள் அப்போதுதான் உண்மையைச் சொன்னாராம்.

அவருக்கும் அதே நோய்தான், அக்கா. அதே டாக்டர், அதே மாத்திரை. இதைச் சாப்பிடும்போது சீஸைத் தொட்டால் இரத்தம் தலைக்கு ஏறும், உயிரே போகும் என்று அவரை உட்காரவைத்து நிதானமாகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதனால்தான் பங்களாவில் சீஸ் மிஞ்சியது. துரைசாணி பத்தியம் காத்து ஒதுக்கியதைத்தான் நீ தின்றாய்.

இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் இல்லையாம். அவர்களுக்கு உண்டு, நமக்குத்தான் இல்லை.

மச்சான் அன்றோடு பங்களா வேலையை விட்டார். புல் வெட்டப் போகிறார். போன வாரம்வரை அடுப்புப் பக்கம் வந்ததில்லை. அடுத்த வீட்டில் கொடுத்ததைத் தின்றார். "நான்தானே சுட்டுக் குடுத்தேன்" என்பதைத் தவிர அவரிடம் வேறு பேச்சு இருந்ததில்லை. ஆசையாகக் கொடுத்தவர் கொலைகாரனைப் போலக் குனிந்து நடக்கிறார். சொல்லாமல் விட்டவர் நிமிர்ந்து நடக்கிறார். இது என்ன நியாயம்?

பிறகு அந்த நோய் எனக்கும் வந்தது. நீ பார்த்த அதே சுவரைப் பார்த்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். வேறு டாக்டர் ஏது? அவரிடமே போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதே மாத்திரையைக் கொடுத்தார். இந்தத் தடவை, சீஸ் சாப்பிடாதே என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். நீ செத்த சேதி துரைசாணி மூலம் அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்ல ஓர் உயிர் தேவைப்பட்டிருக்கிறது.

உன்னைக் கொண்டுபோன மாத்திரை என்று தெரிந்தும் ஏன் சாப்பிட்டாய் என்று கேட்பாய். எனக்கு உயிரோடு இருக்கவேண்டும், அக்கா. திட்டிக்கொண்டே முழுங்கினேன். உனக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேட்கவில்லை.

போன வாரம் டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் போடும்படி புது மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் எழவில்லை. நிறுத்திய பிறகும் பழைய பத்தியம் உண்டா என்று கேட்டேன். ஆமாம், அந்த இரண்டு வாரமும் உண்டு என்றார். கேட்காமல் வந்திருந்தால்?

"தொரைசாணிக்கு என்னென்ன சொன்னீங்களோ, அம்புட்டையும் எனக்குச் சொல்லுங்க ஐயா" என்றேன்.

சீஸ் என்றார், ஒயின் என்றார், ரொட்டியில் தடவுகிற ஏதோ ஒரு கறுப்புக் களிம்பைச் சொன்னார். எல்லாம் பங்களா மேசைச் சாமான். சரி, கருவாடு? மாசிக் கருவாடு? முஸ்லிம் நானா கடையில் நாங்கள் வாங்குவது அதுதானே என்றேன். எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். தெரியவில்லை, விசாரிக்கிறேன், அதுவரை அதையும் தள்ளிவை என்றார். நாம் என்ன தின்கிறோம் என்று ஒரு படித்த மனுஷனும் இதுவரை யோசித்ததில்லை பார்.

அப்போதுதான் நான் உன் தங்கச்சி என்று சொல்லி, உன் கதையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "தோட்டத்துல யாரு சீஸ் சாப்பிடப் போறாங்கன்னு நெனச்சேம்மா" என்றார்.

"அதை வெட்டித் தட்டுல வைக்கிறது யாருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் உன் பேரைக் கேட்டார், சொன்னேன். காதில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொல் என்றார். என் அக்கா ஒரு தடவைதான் கேட்டாள், நானும் ஒரு தடவைதான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்த இடைப்பட்ட நாட்கள் லேசாக இல்லை. தூக்கம் பிடிக்கவில்லை, உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது. இந்தியாவுக்கே திரும்பிப் போகிறோம் என்று எழுதிக்கொடுப்பதா, இந்த இலங்கையிலேயே இருப்பதா என்று லயம் முழுக்க ஒரே பேச்சு. மச்சான் எழுதிக்கொடுக்கவில்லை. உன்னைப் புதைத்த மலையை விட்டு அவர் எங்கே போவார்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கொல்லவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. அதனால் வேறு மாதிரிக் கேட்டேன்: "எனக்குப் பத்தியச் சோறு ஆக்கத் தெரியாது மச்சான். நீங்கதான் ஆக்கணும்."

வெகு நேரம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து அடுப்பை மூட்டினார். சோறு, பருப்பு, கீரை. மாசி இல்லாமல் கீரை வைக்க அவருக்குக் கை வரவில்லை. ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, "இது ஆகுமா? கேட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டியில் போடுகிறார். உப்பையும் அப்படித்தான் கேட்டார். இன்றைக்கும் அவர்தான் ஆக்குகிறார்.

புது மாத்திரை என்னைத் தூக்கிவிடுமா, தெரியாது. இதுவும் கேட்காவிட்டால் இன்னொன்றைக் கேட்டு வாங்குவேன். நான் சுவரைப் பார்த்து உட்காரப் போவதில்லை. இந்தத் தோட்டத்திலிருந்து எந்தப் பெண் ரயிலேறி மருந்துக்குப் போனாலும் நான் கூடப் போவேன். அவள் வெட்கப்பட்டு எழுந்தாலும் கையைப் பிடித்து உட்காரவைப்பேன். பத்தியம் என்னவென்று அவர் வாயால் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நாங்கள் நகரமாட்டோம். உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது.

நீ ஒரு தடவை கேட்டதை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்கப் போகிற
உன் தங்கச்சி,
காமாட்சி