இருபது பவுண்டு வித்தியாசம்

ஏப்ரல் 6, ஞாயிறு

டைல்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் எங்கள் நீராவி பொம்மை ரயில் கூட்டம் வழக்கம்போல் கூடியது. வெல்டர் அண்ணன், மருந்துக்கடைக்காரர், நான். போஸ்ட்மாஸ்டர் வரவில்லை. (ரிட்டையர் ஆகிப் பன்னிரண்டு வருஷமாச்சு, எங்களுக்கு அவர் இன்னும் போஸ்ட்மாஸ்டர்தான்.) மகள் ஊருக்குப் போயிருக்கிறாராம். கறுப்பு இன்ஜினையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்.

மருந்துக்கடைக்காரரின் பச்சை இன்ஜின் இரண்டு சுற்று ஓடும், அப்புறம் அதே வளைவில் நிற்கும். புகைபோக்கியில் ஆவிக்குப் பதில் வெந்நீர் துப்பியது. வெல்டர் அண்ணன் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்துவிட்டு, "கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தியிருக்கீங்க. பாவம், வாந்தி எடுக்குது," என்றார். பாதித் தண்ணீரை எடுத்ததும் சமர்த்தாக ஓடியது.

மருந்துக்கடைக்காரர் ஆவி அழுத்தத்தை அளக்கப் புதிதாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கியிருந்தார். விளையாட்டாக அதையும் என்னுடையதையும் ஒரே குழாயில் மாட்டினோம். என்னுடையது நாற்பது பவுண்டு காட்டியது. அவருடையது அறுபது.

"புதுசு, வாய் நீளம்," என்றார் வெல்டர் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஏப்ரல் 7, திங்கள்

பல் லேபில் கை ஓடவில்லை. ஒரே பல் செட்டை மெழுகில் மூன்று முறை அடுக்கினேன். புதுசுதான் பொய் சொல்லுதா?

ஏப்ரல் 8, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரசர் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன்னுடைய பெரிய கேஜோடு சேர்த்து என்னுடையதை மாட்டினார். காற்று ஏறியது. முள்ளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"உங்களோடது இருபது கம்மியா காட்டுதும்மா. கீழ எங்கயாவது போட்டீங்களா?"

"இல்லையே," என்றேன்.

போட்டேன். ஜனவரியில். மேஜையிலிருந்து விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, முள்ளும் பூஜ்யத்தில்தான் நின்றது. சுற்றும்முற்றும் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை. துடைத்து எடுத்து வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த கேஜை நம்பி இரண்டு சேஃப்டி வால்வு செட் பண்ணியிருக்கிறேன். நாற்பது பவுண்டில் திறந்து ஆவியை வெளியே விடணும் என்று நினைத்துத் திருகி வைத்தவை. நிஜத்தில் அறுபது ஆனால்தான் திறக்கும். ஒன்று என் இன்ஜினுடையது. அதை இனி மூட்டினால்தானே ஆபத்து.

இன்னொன்று போஸ்ட்மாஸ்டரின் கறுப்பு இன்ஜினுடையது. ஐம்பது வருஷத்து பாய்லர், மெல்லிய செம்புத் தகடு. நாற்பதுக்கு மேல் அது தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. அதில் கேஜ் கூடக் கிடையாது. அந்த வால்வு ஒன்றுதான் காவல். அந்தக் காவலைத் தூங்க வைத்தது நான்.

ஏப்ரல் 9, புதன்

போஸ்ட்மாஸ்டருக்கு போன் பண்ணினேன். ஸ்விட்ச் ஆஃப்.

எழுதவே கூசுது. ஆனா இங்கயும் பொய் எழுதினா அப்புறம் எங்கதான் உண்மை சொல்றது? ஸ்விட்ச் ஆஃப்னு கேட்டதும் எனக்கு நிம்மதியா இருந்தது.

அவர் எண் ஒன்றுதானா வழி? வெல்டர் அண்ணனைக் கேட்டால் மகள் எண் கிடைக்கும். ஆனால் எதற்கு என்று கேட்பார். "தங்கச்சி கை வச்சா திருப்பிப் பார்க்கவே வேண்டாம்" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற மனுஷன். அவரிடம் என்னவென்று சொல்வேன்?

ஜனவரியிலிருந்து போஸ்ட்மாஸ்டர் மூன்று தடவை ஓட்டியிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லையே. ஊரில் எங்கே ஓட்டப் போகிறார், பெட்டியில்தான் இருக்கும். இப்படியே நாள் பூராவும் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தூக்கமில்லை. கண்ணை மூடினால் 'டப்' என்று ஒரு சத்தம். குக்கர் விசிலுக்குக் கூட உடம்பு தூக்கிப் போடுகிறது. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து, "என்னன்னு சொல்லு," என்றார். சொன்னேன்.

"வெடிச்சா என்ன ஆகும்?"

"கொதிக்கிற தண்ணி. தகடு. பக்கத்துல யார் இருக்காங்களோ..."

"அப்ப நீ ஏன் இங்க உட்கார்ந்து துணி மடிக்கிற?"

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் வெல்டர் அண்ணனுக்கு போன் பண்ணினேன். ஜனவரியில் ஆரம்பித்து கம்ப்ரசர் கடை வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

பின்னால் வெல்டிங் மெஷினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அவரு மக ஸ்கூல்ல டீச்சர்," என்றார். "நாளைக்குக் காலைல பிள்ளைங்களுக்கு ஓட்டிக் காட்டப் போறாரு. அதுக்குத்தான் கொண்டுபோனாரு. மக நம்பர் என்கிட்ட இல்ல. ஸ்கூல் பேரு தெரியும்."

பிள்ளைங்களா.

பள்ளிக்கூடத்து எண்ணைத் தேடி எடுத்து மதியம் வரை அடித்தேன். ஒரு வழியாக அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். "ஏதோ ரயில் பொம்மையா? சரி, சொல்லிடறேன்," என்றாள். சொல்ல மாட்டாள் என்று அவள் குரலே சொன்னது.

போஸ்ட்மாஸ்டர் போன் இன்னும் ஸ்விட்ச் ஆஃப். அந்த ஊருக்கு பஸ் காலையில் மட்டும்தான், நாளை முதல் பஸ்.

ஏப்ரல் 12, சனி

எழுத முடியுதான்னு பார்க்கிறேன்.

பஸ் நாலு மணி நேரம். நடுவில் டயர் பஞ்சர் ஆகி முக்கால் மணி நேரம் ரோட்டோரம். கண்டக்டர் "எல்லாருக்கும்தாம்மா அவசரம்," என்றார். பள்ளிக்கூட கேட்டில் காவலாளி பேர் எழுதச் சொன்னார். எழுதாமலே ஓடினேன். "ஏய், அம்மா, எங்க போற?" என்று பின்னாலேயே வந்தார்.

முற்றத்தில் தண்டவாளம் வட்டமாகப் போட்டிருந்தது. சுற்றி நாற்பது ஐம்பது பிள்ளைகள். முன்வரிசை குப்புறப் படுத்து, கன்னத்தில் கை வைத்து, மூக்கு தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரி. நடுவில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போஸ்ட்மாஸ்டர். இன்ஜினுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வால்வு சத்தமே இல்லாமல் இருந்தது. இந்நேரம் சீறியிருக்கணும்.

"நீ எங்கம்மா இங்க?" என்று முகம் மலரக் கேட்டார்.

"பத்த வச்சு எவ்வளவு நேரமாச்சு சார்?"

"கால் மணி இருக்கும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு..."

அவர் மகளான டீச்சர் பக்கம் திரும்பி, பிள்ளைகளை எதிர்ச் சுவர் வரைக்கும் கூட்டிப்போகச் சொன்னேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, காரணம் கேட்காமல் கூட்டிப்போனார். நான் மண்டி போட்டு விளக்கை இழுத்து எறிந்தேன். விரல் சுட்டது, அப்போது தெரியவில்லை. ஆவியை வெளியே விட விசில் ஒன்றுதான் வழி, கை அந்தப் பக்கம் போக மாட்டேன் என்றது. உள்ள எவ்வளவு அழுத்தம் இருக்குன்னு எனக்குத்தான் தெரியுமே. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு திருகினேன்.

விசில் அடித்தது. அப்படி ஒரு நீள விசிலை நான் கேட்டதில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. ஆவி முகத்தை மறைத்தது. சுவரோரம் பிள்ளைகள் கை தட்டினார்கள், வித்தை என்று நினைத்துக்கொண்டு.

அது அடங்கும்வரை முட்டி போட்டபடியே இருந்தேன். பிறகு அவரிடம் சொன்னேன். "என் கேஜ் தப்பு சார். நான் செட் பண்ணின வால்வு தப்பு. அது திறக்காது."

அவர் இன்ஜினைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "வண்டிக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல," என்று அவர்களிடம் சொன்னார்.

அவர் மகள் என் விரலுக்கு மருந்து போட்டார். போஸ்ட்மாஸ்டர் தண்டவாளத்தைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

தண்ணி டெஸ்ட். கறுப்பு இன்ஜின் பாய்லரைக் கழற்றி, பச்சைத் தண்ணீரைப் பம்பால் ஏற்றினோம். ஆவி இல்லாததால் கிழிந்தாலும் வெடிக்காது. கேஜ் மருந்துக்கடைக்காரருடையது. நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டில் அடிப்பக்க இணைப்பு விரல் நீளத்துக்குப் பிளந்து, தண்ணீர் வெல்டர் அண்ணன் மார்பில் அடித்தது.

அறுபது வரைக்கும் வால்வு திறந்திருக்காது. எல்லாருக்கும் கணக்கு தெரியும்.

"நல்லவேளை, நீங்க ஓடினீங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். போஸ்ட்மாஸ்டர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். எழுபது வயசு மனுஷன். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வெல்டர் அண்ணன் சட்டையைப் பிழிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

இது அந்த பயத்தை விட மோசமா இருக்கு.

ஏப்ரல் 23, புதன்

லேபில் அரை நாள் லீவு போட்டுவிட்டு போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று. ஜனவரி. செவ்வாய்க்கிழமை. ஸ்விட்ச் ஆஃப்னு கேட்டதும் வந்த நிம்மதி. அதையும்.

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"போன வருஷமே பாய்லர் அடிப்பக்கம் ஈரமா இருந்துச்சும்மா," என்றார். "ஓட்டி முடிச்சதும் துணியால துடைச்சிடுவேன், நீங்க யாரும் பார்க்கறதுக்குள்ள. வெல்டர் பார்த்தா ஒரே நிமிஷத்துல அறுத்துப் போடச் சொல்லுவான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முன்வரிசையில படுங்கடா, நல்லாத் தெரியும்னு சொன்னதும் நான்தான்," என்றார்.

அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கிழமை இதை நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நான் என்னோடதச் சொல்றேன் சார். நீங்க உங்களோடதச் சொல்லுங்க."

ஞாயிறு பத்து மணிக்கு, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்றோம். அவர் ஒன்பதரைக்கே வந்துவிடுகிறாராம்.