மூன்றாவது படகின் கட்டம்

என் வீட்டுக்காரரும் முதலாளியுமானவருக்கு,

உடைந்த காலில் போட்ட கட்டு எப்படி இருக்கிறது? உங்கள் தங்கச்சி வேளைக்கு ஒரு சட்டிச் சோறு போட்டு உங்களைப் பூசணிக்காய் ஆக்கியிருப்பாள். திரும்பி வந்து ஏறினால் படகு தாங்குமா என்பதுதான் என் கவலை.

யார் எந்தப் படகு ஓட்டுவது என்று எல்லார் போனிலும் தெரிகிற அட்டவணையில், மூன்றாவது படகுக்கு நேரே என் பெயரைப் போட்டேன். திருவெறும்பூரில் தங்கச்சி வீட்டில் படுத்துக்கொண்டே அழித்தீர்கள். மறுபடி போட்டேன், மறுபடி அழித்தீர்கள். நம் படகோட்டி சுடலைமுத்து சிரிக்கிறான். "அக்கா, உங்க பேரு மின்மினி மாதிரி வந்து வந்து போவுதுக்கா!"

ஓட்ட ஆளில்லை, அந்தப் படகை விற்றுவிடலாம் என்று தங்கச்சியிடம் சொன்னீர்களாமே? ஆள் நான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பில் அவ்வளவு கூட்டம். அட்டவணையில் அந்தக் கட்டம் காலி. துடுப்பை நானே எடுத்தேன். ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தர், "நீங்களா ஓட்டப்போறேள்?" என்று தயங்கினார்.

"எங்க முதலாளிக்கு நீச்சலே தெரியாது மாமி. எனக்குத் தெரியும். தைரியமா ஏறுங்க" என்றேன்.

ஏழு நடை ஓட்டினேன். தோள் வலிக்கிறது, அதை உங்களிடம் சொல்ல மாட்டேன். மாமி இறங்கும்போது, "அடுத்த ஞாயிறும் நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். படகை விற்பதாக இருந்தால் மாமியிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்.

அட்டவணையில் என் பெயரை மறுபடி போட்டிருக்கிறேன். அழித்தால் மறுபடி போடுவேன். இந்தக் கடிதம் பேனாவில் எழுதியது. எங்கே, இதை அழியுங்கள் பார்ப்போம்.

இப்படிக்கு,
மூன்றாவது படகு ஓட்டுகிறவள்